தீவில் விளக்கு வைக்கும் நேரம்

"அங்க இப்போ பகலா, ராத்திரியா?"

குவைத்தில் போய் இறங்கிய மறுநாள் கோபி தாட்சாயணியிடம் போனில் கேட்ட முதல் கேள்வி அது.

திருப்பதிக்குப் பக்கத்திலிருக்கும் வடமாலபேட்டைக்கும் குவைத்துக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பது அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்தப் பக்கம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசையே போனுக்காக நின்றிருந்தது. இந்தப் பக்கம் மாமியார் கமலம்மா, எதிர்வீட்டு வரலட்சுமி, வரலட்சுமியின் நாத்தனார். ஏழு மாதம் மட்டும் சேர்ந்து வாழ்ந்த பெண்டாட்டியிடம் அத்தனை பேர் நடுவில் ஒருவன் வேறு என்ன கேட்பான்?

"பகல்தான்" என்றாள் தாட்சாயணி. போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டாள்.

நாலு பேர் எதிரில் அவளுக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தெலுங்கில் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் எழுந்து நின்றபடியே இருப்பாள். ஒன்பதாவதோடு அவள் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவளுடைய அண்ணன் அருள்குமார் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், இன்டர்நெட் கடை வைத்திருக்கிறான். சாயங்காலமானால் காலேஜ் பையன்கள் வந்து கத்திக் கத்தி கேம் ஆடுகிற கடை. குவைத்தில் கம்பெனி எங்களைத் தங்கவைத்திருக்கிற கேம்ப்பில் ஒரு கேம் ஆடுகிறார்கள், உங்கள் கடையில் அது இருக்கிறதா என்று கோபிதான் மச்சானிடம் விசாரித்தான். இருந்தது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். கடையில் எல்லாரும் தீவு என்றே சொன்னார்கள்.

தீவில் ஒரு முழு நாள் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலிலிருந்து சூரியன் எழும். தென்னை நிழல் மணலில் நகரும். வெயில் மஞ்சளாகும், சிவக்கும், இருட்டும். சில நாள் திடீரென்று மேகம் கூடி மழை பிடித்துக்கொள்ளும். எப்போது பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திருப்பதியில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கும் குவைத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் அங்கே ஒரே சூரியன். ஒரே மழை.

மற்றவர்கள் அந்தத் தீவில் புதையல் தோண்டினார்கள், கப்பலைக் கொளுத்தினார்கள். கோபியும் தாட்சாயணியும் படகுத்துறையில் நின்று பேசினார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுகிற பேச்சு. அங்கே அவளுக்குக் குரல் தேவைப்படவில்லை. கோபிக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் "அண்ணன் கடைக்குப் போய்ட்டு வரேன் அத்தே" என்று கிளம்பிவிடுவாள்.

பகலா, ராத்திரியா என்று கோபி அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த போன்தான் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடச் சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் கையெழுத்து. போடாவிட்டால் மாதக் கடைசியில் ஊருக்கு டிக்கெட். ஸ்பீக்கரில் கோபி சொல்லி முடிப்பதற்குள் கமலம்மா முந்திக்கொண்டாள்.

"போட்டுடுரா. மேல ஒரு மாடி ஏத்திட்டு வந்துடு."

"தாட்சு, நீ இன்னா சொல்ற?"

வரலட்சுமியும் அவள் நாத்தனாரும் தாட்சாயணியின் வாயையே பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

அந்த இரண்டு வார்த்தையை ஒரு வாரமாக அவள் மனசுக்குள் மென்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமை. தீவுக்குப் போனதும் முதல் வேலையாக, "வந்துடுங்க" என்று தட்டிவிட வேண்டும். ஒரே வார்த்தை. அதற்காகவே விடியற்காலையில் எழுந்து, சோறு வடித்து, தலை பின்னிக்கொண்டு நின்றாள்.

கமலம்மா புதுப் புடவையில் அறைக்குள்ளிருந்து வந்தாள்.

"நானும் வரேன். திருச்சானூர் கோயில்ல அம்மாவைக் கும்பிட்டுட்டு, உங்க அண்ணன் கடையில கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்."

"வெள்ளிக்கிழமை கூட்டமா இருக்கும் அத்தே."

"கூட்டம் இல்லாத வெள்ளிக்கிழமைய நீ எங்க கண்ட? பூட்டை எடு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கமலம்மா உட்கார்ந்தாள். ரேணிகுண்டா தாண்டும்வரை மாடியைப் பற்றியே பேசினாள். எந்தப் பக்கம் படி, எந்தப் பக்கம் ஜன்னல், மேலே ஏறி நின்றால் ஏரி தெரியுமா தெரியாதா. தாட்சாயணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

திருச்சானூரில் கமலம்மா கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை. தாட்சாயணியும் பக்கத்திலேயே நின்று வேண்டிக்கொண்டாள். ஒரே சன்னதியில், ஒரே நேரத்தில், ஒருவனை இருக்கச் சொல்லி ஒருத்தி, வரச் சொல்லி ஒருத்தி. அம்மன் யார் பேச்சைக் கேட்பாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அருள்குமார் கடை வாசலிலேயே இருவரையும் பார்த்துவிட்டான். தங்கச்சியைப் பார்த்துச் சிரித்த வாய், பின்னால் வந்த ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

"வாங்க அத்தே, வாங்க. இன்னா திடீர்னு?"

"ஏன், நான் வரக்கூடாதா? தங்கச்சி மட்டும்தான் வரணுமா?"

"ஐயோ, தெனம் வாங்க. வந்து கல்லாவுல உக்காருங்க. நான் வடமாலபேட்டைக்குப் போயி படுத்துத் தூங்கறேன்."

கமலம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். உச்சிவெயில் நேரம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் கடையில் வேறு ஆள் இல்லை.

"ஏம்ப்பா அருளு, வாரம் வாரம் வந்து இவ இங்க இன்னா பண்றா?"

"பெருக்குவா அத்தே. தூசி தட்டுவா."

கமலம்மா மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "பெருக்கின மாதிரி தெரியலையே."

தாட்சாயணிக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. கோபி இந்நேரம் வந்து காத்திருப்பான் என்பது மட்டும் தெரிந்தது. பேசாமல் போய்க் கடைசி நாற்காலியில், சுவர் ஓரம், உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அருள்குமார் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் பார்க்கவில்லை.

திரையில் கடல் வந்தது. படகுத்துறை வந்தது. நாற்காலியை இழுக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"இன்னாம்மே இது, சினிமாவா?"

"இல்ல அத்தே." தாட்சாயணி திரையை விட்டுத் திரும்பவில்லை. "அவருகிட்ட இதுலதான் பேசுவேன்."

"எவருகிட்ட?"

"உங்க பையன்கிட்ட."

கமலம்மா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். துறையின் முனையில், தாடி வைத்த ராட்சசன் ஒருவன் தோளில் கோடாலியோடு நின்றிருந்தான். மார்பில் சட்டை இல்லை.

"எங்க அவன்?"

"அதோ, அவருதான்."

"இவனா? என் புள்ளயா?" கமலம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "குவைத் சோறு துன்னு இப்படி ஆயிட்டானா?"

கல்லாவிலிருந்து அருள்குமார் சிரித்துவிட்டான். "அது பொம்ம அத்தே. நாமளே எடுத்துக்கறது. மாப்ளைக்குக் கடோத்கஜன் மாதிரி இருக்கணும்னு ஆச."

"அப்போ நீ எங்க?"

தாட்சாயணி தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். ராட்சசனுக்கு எதிரில் கூன் விழுந்த கிழவி ஒருத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் மூலிகைக் கூடையோடு நின்றாள். கேமில் எடுத்துக்கொள்ளக் கொடுத்த பெண் பொம்மைகளில் உடம்பை மூடி உடுத்தியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"நல்ல ஜோடி" என்றாள் கமலம்மா. "என்னை விடக் கெழவியா கீற."

ராட்சசன் தலைக்கு மேல் எழுத்து வந்தது. 'லேட் ஆயிடுச்சே. பஸ் கிடைக்கலையா?'

தாட்சாயணி தட்டினாள். 'அத்தையும் வந்திருக்காங்க. பக்கத்துல உக்காந்து பாக்கறாங்க.'

ராட்சசன் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கான் குழாய் சட்டென்று மறைந்தது.

"ஒரேய்!" கமலம்மா திரையைப் பார்த்து அதட்டினாள். "வாயில இன்னாடா அது? இப்போ எங்க ஒளிச்ச?"

'அது மருந்துன்னு சொல்லு' என்று எழுத்து வந்தது.

தாட்சாயணி படித்துச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. அவள் தன் எதிரில் சிரித்துக் கமலம்மா பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் மருமகளையே பார்த்துவிட்டு, மறுபடியும் திரைக்குத் திரும்பினாள்.

"சரி, இருக்கட்டும். நாளைக்குக் காலையில கையெழுத்துன்னானே. நல்ல வார்த்தைய நானே சொல்லிடறேன். ராகுகாலம் முடிஞ்சிடுச்சி. தட்டு."

தாட்சாயணியின் விரல்கள் எழுத்துகள் மேல் நின்றன. தன் கையாலேயே தட்ட வேண்டுமா? அந்த வார்த்தையை, தான் தட்ட வந்த வார்த்தைக்கு முன்னால்?

அப்போது தீவில் வெயில் சாய்ந்தது. தென்னைகளின் நிழல் நீண்டு துறைப் பலகை முழுவதும் படர்ந்தது. கடல் செம்பு நிறமாகி, பின் சாம்பலாகி, கரையோரக் குடிசைகளில் ஒவ்வொன்றாக விளக்கு தானாகவே எரிய ஆரம்பித்தது.

கமலம்மா கையை உயர்த்தினாள். "இரு. தட்டாத."

"ஏன் அத்தே?"

"விளக்கு வைக்கிற நேரம் வந்துடுச்சி. இந்த நேரத்துல போற பேச்சு வர்ற பேச்சு எடுக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே எழுந்தாள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த வெங்கடாசலபதி படத்தருகில் போய்ச் சின்னச் சிவப்பு பல்பின் சுவிட்சைப் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அருள்குமார் வாசலைக் காட்டினான். தெருவில் தார் இளகுகிற வெயில். "அத்தே, வெளிய பாருங்க. நட்டநடுப் பகல்."

"வெளிய கீறது நீயும் நானும். அவன் கீறது அங்கதானே?"

"அது பொம்மைக்கு இருட்டுது அத்தே. அந்த ஊர்ல ராகுகாலம் எப்போன்னு எவனுக்குத் தெரியும்?"

"தெரியலன்னாதான் இன்னும் பயம்." கமலம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அவங்க நைனா குப்பத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போனாரே, விளக்கு வைக்கிற நேரத்துலதான் போய்ட்டு வரேன்னாரு. ஆளா வரல, பொணமாத்தான் வந்தாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்த நேரத்துல அந்தப் பேச்சே கிடையாது. விடியட்டும். விடிஞ்சதும் சொல்றேன். தாட்சாயணி, அவன்கிட்ட சொல்லு."

தாட்சாயணி சொன்னாள். ராட்சசன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். 'சரி. விடியட்டும். எனக்கும் இன்னிக்கு லீவுதான்.'

தீவில் விடிய இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். குவைத்தில் ஒருவன், திருப்பதியில் இருவர்.

அருள்குமார் எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போனான். பித்தளைத் தூக்கைக் கொண்டுபோகச் சொல்லிக் கமலம்மாவும் அவன் பின்னால் வாசல்வரை போனாள்.

தாட்சாயணிக்குத் தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தது. இப்போது தட்டிவிடலாம். விரல்கள் ஓடின. 'வந்து' என்பதுவரை தட்டிவிட்டாள்.

நிறுத்தினாள்.

கோபி சந்தோஷப்படுவான். கையெழுத்துப் போடாமல் டிக்கெட் எடுத்து வந்தும் விடுவான். அப்புறம் அந்த வீட்டில் மூன்று பேரும் இருக்க வேண்டும். அத்தை டீக்குப் போயிருந்த நேரத்தில் தட்டிய வார்த்தை என்று தனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

கமலம்மா திரும்பி வந்தபோது திரையில் மழை பிடித்திருந்தது.

முதலில் பலகையில் அங்கங்கே கரும்புள்ளி. பிறகு கடல் முழுக்க ஊசி குத்தினதுபோல. ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது. தூரத்தில் மின்னல் வெட்டி, மலை ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது.

"உள்ள போகச் சொல்லு அவனை. பின்னால குடிசை கீதே."

தாட்சாயணி தட்டினாள். பதில் உடனே வந்தது. அவள் படித்தாள்.

"பரவாயில்ல, நனையறேன்னு சொல்றாரு."

"சளி பிடிக்கும்டா."

அருள்குமார் டீயோடு வந்து பின்னால் நின்றான். இந்தத் தடவை அவன் கிண்டல் பண்ணவில்லை.

எழுத்து மறுபடியும் வந்தது. தாட்சாயணி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "இங்க வந்து ரெண்டு வருஷத்துல மழை நாலு தடவதான் பெஞ்சுது அம்மா. பெஞ்சப்போவும் நான் கட்டடத்துக்குள்ள ஏசி ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தேன். வெயில் காலத்துல மொட்டை மாடியில மிஷின் மேல கைய வெச்சா தோல் ஒட்டிக்குது. அதனால இதுல எப்போ மழை வந்தாலும் நான் உள்ள போறதில்ல."

கமலம்மா டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மழை மேல ஆசையா இவனுக்கு?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "எனக்கு மழைன்னாலே தூக்கம் வர்றதில்ல. போன ஐப்பசியில இவளும் நானும் பட்ட பாடு இவனுக்குத் தெரியுமா? ஏரித் தண்ணி வாசப்படி ஏறி, அடுப்புக்குள்ள பூந்து, அரிசி மூட்டைய நனைச்சி... மாடி மாடின்னு நான் எதுக்குச் சொல்றேன்? நாலு பேரு பாத்து மெச்சிக்கவா? மேல ஏறி உக்காந்துக்கத்தான். தட்டு, அதையும் தட்டு."

தாட்சாயணி ஒரு வார்த்தை விடாமல் தட்டினாள். அவள் தட்டி முடிக்கும்வரை கமலம்மா மழையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள்.

"இவனுக்கு அப்போ நாலு வயசு. கூரை வீடு. ராவெல்லாம் மழை. இவங்க நைனா ஊர்ல இல்ல. தண்ணி கட்டிலைத் தொட்டுடுச்சி. கட்டில் மேல பலகையப் போட்டு, பலகை மேல நின்னுக்கினு இவனைத் தோள்ல போட்டுக்கினு கெடந்தேன். ஒரு பாம்பு நீஞ்சிக்கினே போச்சி. விடியுமா விடியாதான்னு..."

அதையும் தாட்சாயணி தட்டினாள். ராட்சசன் மழையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நேரம் ஆயிற்று. குவைத்தில் ஒருவன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தான்.

பதில் வந்ததும் தாட்சாயணி முதலில் தனக்குள் படித்தாள். பிறகு குரலைச் சரிபண்ணிக்கொண்டு வெளியே படித்தாள்.

"ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி பூரா அம்மா எனக்குப் பாட்டு பாடிச்சி. அவ்ளோ நேரம் என்னை அது கீழ எறக்கினதே இல்ல. எனக்குத் தெரிஞ்சி அந்த ராத்திரிதான் ரொம்ப நல்லா இருந்துச்சி. இங்க கேம்ப்ல தூக்கம் வரலன்னா அதைத்தான் நெனச்சிக்குவேன்."

கமலம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"பாட்டா? எவ பாடினா? பயத்துல சாமிங்க பேரையெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். காணிப்பாக்கம் புள்ளையாரு, காளஹஸ்தி ஈஸ்வரு, எல்லாரையும் கூப்பிட்டேன். அது பாட்டாம்!"

"அதைத் தட்டட்டா அத்தே?"

கமலம்மா யோசித்தாள். கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது.

"வேணாம்" என்றாள். "அவன் பாட்டுன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும்."

தீவில் மழை பெய்தது. கிழவியும் ராட்சசனும் பக்கத்தில் பக்கத்தில் நனைந்தார்கள். உச்சிவெயிலில் ஒரு நாய் கடை வாசல் நிழலுக்குள் வந்து படுத்தது. அருள்குமார் ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டு, கல்லாவுக்குப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தான்.

மழை எப்போது விட்டது என்று கவனிக்கவில்லை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. குடிசை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கோ கண்ணுக்குத் தெரியாத கோழி ஒன்று கூவியது. ஈரப் பலகைகள் மேல் முதல் வெயில் விழுந்து பளபளத்தது.

ராட்சசன் எழுந்து நின்றான்.

'விடிஞ்சிடுச்சி' என்று எழுத்து வந்தது. 'அம்மா சொல்லட்டும்.'

தாட்சாயணி படித்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கமலம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

தாட்சாயணிக்கு முன்னால் எழுத்துப் பலகை இருக்கிறது. தட்டினால் போதும், அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் கையைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியை முழுசாகத் திருப்பி மாமியாருக்கு எதிராக உட்கார்ந்தாள்.

"அத்தே" என்றாள்.

குரல் வந்தது. அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. கல்லாவில் அருள்குமார் நிமிர்ந்தான்.

"அன்னிக்குப் போன்ல உங்க இஷ்டம்னு சொன்னேன். அது என் இஷ்டம் இல்ல அத்தே. எனக்கு அவரு வரணும். நான் இப்போ அவரை வந்துடச் சொல்லப் போறேன்."

கமலம்மா அவளை நேராகப் பார்த்தாள். கோபமா, ஆச்சரியமா என்று சொல்ல முடியாத பார்வை.

"ஐப்பசி வருமே" என்றாள். "தண்ணி வருமே."

"வரும் அத்தே. நான் இல்லன்னு சொல்லல. அவரும் நம்மகூட இருப்பாரு."

"அவன் இருந்தா தண்ணி திரும்பிப் போயிடுமா?"

"போவாது." தாட்சாயணியின் குரல் நிற்கவில்லை. "போன வருஷம் நீங்க ராவெல்லாம் மூட்டைய இஸ்துக்கினு இருந்தீங்க. நான் வெளக்கைப் பிடிச்சிக்கினு நின்னேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல. மாடி இருந்திருந்தாலும் மேல போய் அதே மாதிரிதான் உக்காந்திருப்போம்."

கமலம்மா ஆறிப்போன டீயைக் கீழே வைத்தாள்.

தாட்சாயணி திரும்பினாள். எழுத்துகளைத் தேடாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். 'வந்துடுங்க.' அழுத்தினாள். கூன் விழுந்த கிழவியின் தலைக்கு மேல் அந்த வார்த்தை எழுந்து நின்றது.

"வந்துடுங்கன்னு தட்டினேன் அத்தே" என்று அவளே சொன்னாள்.

ராட்சசன் அசையவில்லை. சூரியன் கடலை விட்டு ஒரு விரற்கடை மேலே வந்தது. அப்புறம்தான் எழுத்து வந்தது, ஒரு வரி.

'அம்மா இன்னா சொல்றா?'

தாட்சாயணி அதைப் படித்தாள். படித்த குரல் கடை முழுக்கக் கேட்டது.

கமலம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். திரையில் நின்றிருந்தவனை, ஈரம் சொட்டும் தாடியை, கோடாலி இல்லாத தோளை, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். விரலை நீட்டி அவன் இருந்த இடத்தை மட்டும் கண்ணாடி மேல் ஒருமுறை துடைத்தாள். அங்கே தூசி எதுவும் இல்லை.

"அத்தே, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று அருள்குமார் எழுந்தான்.

அவள் அவனைத் தாண்டிப் போனாள். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். படுத்திருந்த நாயைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சரியென்றும் வேண்டாமென்றும் சொல்லாமல் வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தாள்.